இரண்டு மீட்டர் தள்ளி நின்றால் போதுமா?

2024 ஆகஸ்ட் முதல் தேதி, கலாபகோஸ் தீவுகளுக்குப் போகும் வெளிநாட்டுப் பயணியின் நுழைவுக் கட்டணம் 100 டாலரிலிருந்து 200 டாலரானது. ஈக்வடார் அரசு பல ஆண்டுகளாகக் கைவைக்காமல் விட்டிருந்த கட்டணம் அது. அதற்கு முந்தைய ஆண்டில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் அங்கே போய்வந்திருந்தார்கள். தீவுகளில் குடியிருப்போரோ 30,000 பேருக்கும் குறைவு. கட்டணத்தை ஏற்றினால் கூட்டம் குறையும், வரும் பணம் பாதுகாப்புக்கு உதவும் என்பது அரசின் கணக்கு. கணக்கில் தவறில்லை, ஆனால் அது போதாது. எரிமலைத் தீவுகளில் காட்டுயிர்களை அருகிலிருந்து பார்க்கும் சுற்றுலாவை, பயணியின் நடத்தையை வைத்தே இதுவரை எடைபோட்டு வருகிறோம். தொட்டாரா, தீனி போட்டாரா, பாதையை விட்டு விலகினாரா என்றுதான் கேட்கிறோம். பெரிய சேதமெல்லாம் அந்தப் பாதைக்கு வெளியே நடக்கிறது. பயணியை ஏற்றிவரும் விமானத்திலும், அவருக்காக வரும் எரிபொருளிலும், காய்கறிப் பெட்டியிலும் அது வந்து இறங்குகிறது. எனவே எப்படிப் பார்க்கிறார்கள் என்பதற்கு முன்னால், எத்தனை பேர் வருகிறார்கள் என்ற கேள்விக்குச் சட்டம் பதில் சொல்லியாக வேண்டும்.

கலாபகோஸ், தென் அமெரிக்கக் கரையிலிருந்து சுமார் 1,000 கி.மீ. மேற்கே, பசிபிக் கடலடியில் எரிமலைகள் கக்கிய குழம்பு இறுகி எழுந்த தீவுக்கூட்டம். எந்தக் கண்டத்தோடும் அது ஒருநாளும் ஒட்டியிருந்ததில்லை. பறந்தும் நீந்தியும், மிதந்துவந்த மரங்களில் தொற்றியும் கரைசேர்ந்த உயிர்களின் வாரிசுகளே அங்கே இருக்கின்றன. பெரிய தரைவாழ் ஊனுண்ணிப் பாலூட்டிகள் அந்தக் கடலைத் தாண்டி வரவில்லை. ஆகவே, கண்டால் ஓட வேண்டும் என்ற பாடத்தைப் படிக்க வேண்டிய தேவை அங்குள்ள விலங்குகளுக்கு வரவில்லை. கடலில் மூழ்கிப் பாசி மேயும் உலகின் ஒரே பல்லியினமான கடல் இகுவானா, கரையேறியதும் கறுத்த எரிமலைப் பாறையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்து வெயில் காயும். உடலில் சேர்ந்த உப்பை மூக்குத் துளை வழியே சீறித் தெளிக்கும். அது தலையில் விழுந்து காய்ந்து வெள்ளைப் பொருக்காகப் படிந்திருக்கும். மனிதர் அருகில் வந்து நின்றாலும் அது அசைவதில்லை. நீலக்கால் பூபிப் பறவை நடைபாதையிலேயே முட்டையிட்டு அடைகாக்கும். சுற்றிப் போக வேண்டியவர் மனிதர்தான். இந்தப் பயமின்மையைக் காணத்தான் உலகம் அங்கே போகிறது. ஆனால் அந்தப் பயமின்மையைத் தந்த அதே தனிமைதான், புதிய நோய்க்கும் ஒட்டுண்ணிக்கும் ஈடுகொடுக்க முடியாத உடலையும் அவற்றுக்குத் தந்திருக்கிறது. முதலாவது பயணியின் கண்ணுக்குத் தெரிகிறது, இரண்டாவது தெரிவதில்லை.

பாதையில் நடப்பதைப் பொறுத்தவரை, கலாபகோஸைக் குறைசொல்ல அதிகமில்லை. 1959-இல் அமைந்த தேசியப் பூங்கா நிலப்பரப்பில் 97 சதவீதத்தைத் தன்வசம் வைத்திருக்கிறது. 1978-இல் யுனெஸ்கோ வெளியிட்ட முதல் உலகப் பாரம்பரியப் பட்டியலிலேயே இத்தீவுகள் இடம்பெற்றன. பூங்காவின் உரிமம் பெற்ற வழிகாட்டி இல்லாமல் பயணிகள் பெரும்பாலான பார்வையிடங்களில் இறங்க முடியாது. ஒரு வழிகாட்டிக்கு 16 பேருக்கு மேல் கூடாது. விலங்கிடமிருந்து இரண்டு மீட்டர் விலகி நிற்க வேண்டும். பயணிக் கப்பலில் 100 பேருக்கு மேல் ஏற்றக் கூடாது. கப்பல்கள் ஒரே இடத்தை அடுத்தடுத்து மொய்க்காமலிருக்க, 2012 முதல் இருவாரச் சுழற்சியில் பயணத்திட்டம் வகுக்கப்படுகிறது. பார்வையாளர்கள் வந்துபோகும் இடங்களில் வாழும் கடல் இகுவானாக்களின் ரத்தத்தில் மன அழுத்த ஹார்மோனை அளந்து 2002-இல் வெளியான ஆய்வு, அவை நிரந்தரப் பதற்றத்தில் வாழ்வதாகச் சொல்லவில்லை. பிடிபடும்போது அவற்றின் உடல் காட்டும் எதிர்வினை மட்டும் மற்ற இடத்து இகுவானாக்களைவிடக் குறைந்திருந்தது. அந்த மாற்றத்தையும் கவனிக்கத்தான் வேண்டும். ஆனாலும் ஒழுங்காக நின்று பார்த்துவிட்டுப் போவதால் மட்டும் ஓர் இனம் அழிந்துவிடும் என்று யாரும் நேர்மையாக வாதிட முடியாது.

அதே இகுவானாக்களுக்கு 2001-இல் என்ன நேர்ந்தது என்று பாருங்கள். அந்த ஆண்டு ஜனவரியில் ஜெசிகா என்ற எண்ணெய்க் கப்பல் சான் கிறிஸ்டோபல் தீவருகே தரைதட்டியது. அதில் இருந்தது தீவுகளுக்கான டீசலும், ஒரு சுற்றுலாக் கப்பலுக்கான கனரக எரிபொருளும். கடல் நீரோட்டமும் காற்றும் எண்ணெயில் பெரும்பகுதியை ஆழ்கடலுக்கு இழுத்துச் சென்றதால் பேராபத்து விலகியது என்றே முதலில் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் சாந்தா ஃபே தீவில் மெல்லிய எண்ணெய்ப் படலம் தொட்ட கரையில், அடுத்த ஓராண்டுக்குள் கடல் இகுவானாக்களில் 62 சதவீதம் மடிந்தன. பாசியைச் செரிக்க உதவும் குடல் நுண்ணுயிர்களை எண்ணெய் கொன்றிருக்கும், வயிறு நிறைய மேய்ந்தும் அவை பட்டினியால் செத்திருக்கும் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். அந்த எரிபொருளைப் பயன்படுத்தவிருந்த பயணிகளில் ஒருவர்கூட விதியை மீறவில்லை. எல்லோரும் இரண்டு மீட்டர் தள்ளியே நின்றிருப்பார்கள். ஒரு பயணியின் வருகை எவ்வளவு தூரம் நீள்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று வேறில்லை.

எண்ணெய் கசிந்தால் கண்ணுக்காவது தெரியும். பறவைக் கூடுகளைச் சூறையாடும் ஃபிலோர்னிஸ் டவுன்சி என்ற ஈ, சத்தமில்லாமல் வந்து பரவியது. 1960-களிலேயே தீவுகளுக்குள் புகுந்துவிட்ட அதை, கூடுகளில் ஆராய்ச்சியாளர்கள் அடையாளம் கண்டதே 1997-இல்தான். வளர்ந்த ஈயால் தீங்கில்லை. அது கூட்டில் இடும் முட்டையிலிருந்து வரும் புழு, குஞ்சின் மூக்குத் துளைக்குள் நுழைகிறது. பெரிதானதும் கூட்டின் அடியில் பதுங்கியிருந்து இரவில் ரத்தம் உறிஞ்சுகிறது. பிழைத்த குஞ்சுகள் பலவற்றுக்கும் அலகு சிதைந்துபோகிறது. இசபெலா தீவின் அலையாத்திக் காட்டில் மட்டுமே வாழும் அலையாத்தி ஃபின்ச் குருவி இன்று ஏறத்தாழ நூறுதான் மிஞ்சியிருக்கிறது. அதைக் காப்பாற்ற, உயரமான மரங்களில் ஏறி முட்டைகளை எடுத்துவந்து, ஆய்வகத்தில் பொரிக்கவைத்து, கையால் ஊட்டி வளர்த்துத் திரும்பக் கொண்டுபோய் விட்டார்கள். 1980-களில் வந்து சேர்ந்த க்யூலெக்ஸ் கொசுவின் மரபணுக்களை ஆராய்ந்தவர்கள், அது ஒருமுறை வந்ததோடு நிற்கவில்லை, விமானங்களில் மீண்டும் மீண்டும் வந்துகொண்டிருக்கிறது என்று 2009-இல் காட்டினார்கள். ஹவாய் தீவுகளுக்கு இதே கொசு 1826-இல் கப்பலில் வந்தது. பின்னால் பறவை மலேரியா சேர்ந்துகொள்ள, அங்கேயே பிறந்து வளர்ந்த தேன்கொடிப் பறவைகளில் பல இனங்கள் பூண்டோடு அழிந்தன. கலாபகோஸில் மனிதர்வழி வந்துசேர்ந்த அந்நிய உயிரினங்களாக 2017-இல் வெளியான ஆய்வு பதிவுசெய்த எண்ணிக்கை 1,579. விமானத்தில் மருந்து தெளிக்கிறார்கள், பைகளைச் சோதிக்கிறார்கள். ஆனால் எந்தச் சோதனையும் வடிகட்டிதான். வடிகட்டியின் துளை மாறாமலிருக்க, ஊற்றும் அளவு கூடினால் கசிவதும் கூடும்.

ஊற்றும் அளவு எப்படிக் கூடியது என்பதுதான் இந்தக் கதையில் மிகவும் வருத்தம் தரும் பகுதி. 1974-இல் பூங்காவின் முதல் பெருந்திட்டம், ஆண்டுக்கு 12,000 பேருக்கு மேல் வரக் கூடாது என்றது. சில ஆண்டுகளிலேயே அந்த எல்லை உடைந்தது. 1981-இல் 25,000 என்று உயர்த்தினார்கள். அந்தப் பத்தாண்டு முடியுமுன் அதுவும் உடைந்தது. எல்லையைக் காக்க முடியாதபோதெல்லாம் எல்லையையே தள்ளிவைத்தார்கள். 2007-இல் யுனெஸ்கோ இத்தீவுகளை ஆபத்திலுள்ள பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்து, 2010-இல் விடுவித்தது. அதன் பிறகும் வருகை ஏறியது. இந்த ஏற்றம் கப்பல்களால் வந்ததன்று. கப்பல்களின் மொத்தப் படுக்கைகளுக்கு வரம்பு இருக்கிறது, அதனால் அவற்றில் வருவோர் எண்ணிக்கை பெரிதாக மாறவில்லை. விமானத்தில் வந்து ஊருக்குள் தங்கி, விரைவுப் படகில் தீவு தீவாகப் போய்வரும் சுற்றுலாதான் பெருகியது. கடலில் வரம்பு வேலைசெய்தது, நிலத்தில் செய்யவில்லை என்பதே இதிலிருந்து கிடைக்கும் பாடம்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு: சுற்றுலாப் பணம்தான் இத்தீவுகளைக் காக்கிறது. உண்மை. 1998-இன் சிறப்புச் சட்டம் நுழைவுக் கட்டணத்தில் 40 சதவீதத்தைப் பூங்காவுக்கு ஒதுக்கியது. உள்ளூர் மக்களில் பெரும்பாலோரின் அடுப்பு எரிவதும் பயணிகளால்தான். சுற்றுலாவை விட்டால் மீன்பிடித்தல்தான் வழி; 1990-களில் கடல் அட்டை வேட்டை கட்டுமீறியபோது, தடையை எதிர்த்த மீனவர்கள் ஆய்வு நிலையத்தையே முற்றுகையிட்டார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. பெருந்தொற்றால் 2020-இல் வருகை நான்கில் ஒரு பங்கு அளவுக்குச் சரிந்தபோது தீவு மக்கள் பட்ட பாடு சிறிதன்று. ஆனால் இந்த வாதம் சுற்றுலா வேண்டும் என்பதை நிறுவுகிறதே தவிர, வளர்ந்துகொண்டே போகும் சுற்றுலா வேண்டும் என்பதை நிறுவவில்லை. மூன்று நாள் தங்கிப் போகும் இருவருக்கு இரண்டு விமான இருக்கை, இரண்டு பெட்டி, இரண்டு சோதனை. ஆறு நாள் தங்கும் ஒருவருக்கு இதில் பாதி போதும். ஊருக்குக் கிடைக்கும் விடுதி வாடகையும் வழிகாட்டியின் கூலியும் ஏறத்தாழ அதேதான். ஆபத்து வருகைகளின் எண்ணிக்கையோடு ஏறுகிறது, வருமானம் தங்கும் நாட்களோடு ஏறுகிறது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் பேசுவதால்தான் பாதுகாப்பும் பிழைப்பும் எதிரெதிராகத் தோன்றுகின்றன.

சேதமானதைச் சரிசெய்ய அறிவியல் இருக்கிறதே என்பார்கள் சிலர். கலாபகோஸ் சாதித்துக் காட்டியவை பெருமைக்குரியவைதான். இசபெலா திட்டத்தில், 2006-க்குள் வடக்கு இசபெலாவிலிருந்தும் சாந்தியாகோ தீவிலிருந்தும் 1,40,000-க்கும் மேற்பட்ட காட்டு ஆடுகள் அகற்றப்பட்டன. எஸ்பன்யோலா தீவின் இனத்தில் எஞ்சியிருந்த 15 ராட்சத ஆமைகளை வைத்து இனப்பெருக்கம் செய்து, சுமார் 2,000 ஆமைகளை மண்ணுக்குத் திருப்பித் தந்து, 2020-இல் அத்திட்டத்தை நிறைவுசெய்தார்கள். ஆனால் ஆட்டை ஹெலிகாப்டரிலிருந்து பார்க்க முடியும். காடெங்கும் பரவிவிட்ட ஈயை முற்றிலும் ஒழிக்கும் வழி இன்னும் கைவரவில்லை. பிந்தா தீவு ஆமையினத்தின் கடைசி உயிரான ‘தனிமை ஜார்ஜ்’ 2012 ஜூனில் இறந்தபோது, எந்த அறிவியலாலும் அந்த இனத்தைத் தக்கவைக்க முடியவில்லை. பழுதுபார்க்கும் திறமை இருக்கிறது என்பதற்காகப் பழுதை அனுமதிக்கலாம் என்று ஆகாது.

வரம்பு விதித்தால் பணக்காரர்கள் மட்டுமே போவார்கள் என்ற கவலையும் நியாயமானது. ஆனால் அந்தக் குற்றச்சாட்டு உண்மையில் கட்டணத்துக்குத்தான் பொருந்தும். எண்ணிக்கை வரம்புக்குப் பொருந்தாது. கட்டணத்தை மட்டும் ஏற்றிக்கொண்டே போனால், கையில் காசுள்ளவருக்குக் கதவு எப்போதும் திறந்திருக்கும், கூட்டமும் உறுதியாகக் குறையாது. எண்ணிக்கையை முடிவுசெய்துவிட்டால், இடங்களைப் பங்கிடும் முறையில் நீதியைக் கொண்டுவரலாம்: ஈக்வடார் குடிமக்களுக்கும் பள்ளி மாணவர்களுக்கும் ஒரு பங்கு, மீதியில் ஒரு பகுதிக்குக் குலுக்கல் என்று பிரிக்கலாம். நேரில் பார்த்தவரே இயற்கையை நேசிப்பார், ஆகவே நிறையப் பேர் பார்க்கட்டும் என்போரும் உண்டு. அந்த நேசத்தை மதிக்கிறேன். ஆனால் அவசரமாக வந்து படமெடுத்துக்கொண்டு ஓடுபவரைவிட, நிதானமாகத் தங்கி வழிகாட்டியிடம் கேட்டுத் தெரிந்துகொள்பவரிடம்தான் அது வேர்பிடிக்கும்.

இது நடைமுறைக்கு ஒத்துவரும் என்பதற்கு ஆஸ்திரேலியாவின் லார்டு ஹோவ் தீவு சான்று. பழைய எரிமலை ஒன்றின் எச்சமான அங்கே, எந்த நேரத்திலும் 400 பயணிகளுக்கு மேல் தங்க முடியாது. 1918-இல் மகாம்போ என்ற கப்பல் தரைதட்டியபோது கரையேறிய எலிகளால் ஐந்து பறவையினங்களை இழந்த தீவு அது. 2019-இல் பெரும் முயற்சியில் எலிகளை ஒழித்த பிறகு, ஒருகாலத்தில் அழிவின் விளிம்பிலிருந்த ‘வுட்ஹென்’ பறவைகள் மளமளவென்று பெருகின. சில நூறு பேர் வாழும் சிறு தீவின் விதியை ஏறத்தாழ 30,000 பேர் வாழும் கலாபகோஸில் அப்படியே பொருத்த முடியாதுதான். எண் வேறாக இருக்கட்டும். படுக்கைகளை எண்ணி வாசலை வைக்கும் முறையை எடுத்துக்கொள்ளலாம். ஊருக்குள் இருக்கும் விடுதிகளுக்கும் வாடகை வீடுகளுக்கும் சேர்த்து ஒரே உச்சவரம்பு, விமான இருக்கைகளுக்கு அதையொட்டிய அளவு, குறைந்தபட்சத் தங்கல் நாட்கள், சரக்குக் கப்பல்களில் இப்போதையதைவிடக் கடுமையான சோதனை ஆகிய நான்கையும் சட்டத்தில் எழுத வேண்டும். அந்த வரம்பை மாற்றும் அதிகாரம் சுற்றுலாத் துறையின் கையில் இருக்கக் கூடாது. அந்நிய உயிர்களின் வருகையைக் கண்காணிக்கும் அறிவியலாளர்களின் ஒப்புதலின்றி அது நகரக் கூடாது. சுற்றுலா வளர்ச்சியை அப்படியே நிறுத்தும் திட்டம் வேண்டுமென்று யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் குழுவும் கேட்டிருக்கிறது.

பயணிகளுக்கும் இதில் பங்குண்டு. வாய்ப்பு ஒருமுறைதான் கிடைக்கும் என்றால் காத்திருந்து போகலாம், போனால் நீண்ட நாள் தங்கலாம், பெட்டியையும் காலணியையும் விதையும் மண்ணும் இல்லாமல் சுத்தம்செய்துகொண்டு ஏறலாம். ஆனால் தனிமனித ஒழுக்கத்தின் மீது இந்தத் தீவுகளின் எதிர்காலத்தை ஏற்றிவைப்பது நியாயமன்று. 12,000 என்ற எண்ணை 1974-இல் எழுதியவர்கள் ஆபத்தைச் சரியாகவே கண்டிருந்தார்கள். அதைச் சட்டமாக்கும் துணிவு மட்டும் அரசுக்கு இல்லாமல்போனது. இன்று ஆய்வுகள் இருக்கின்றன, முன்மாதிரி இருக்கிறது, கட்டணம் வழியே பணமும் வருகிறது. இனி எழுதப்படும் எண் நகராத எண்ணாக இருக்க வேண்டும். தப்பி ஓடத் தெரியாத உயிர்களின் வீட்டுக்குள் எத்தனை பேரை விடுவது என்று முடிவுசெய்யும் பொறுப்பு, ஓடத் தேவையில்லாத நம்முடையது.