சீட்டில் அச்சாகாத எண்

தொண்ணூறுகளில் சிறுவர்களாக இருந்தவர்கள் இப்போது எழுத வந்துவிட்டார்கள். அவர்களிடமிருந்து ஒரே கட்டுரை வெவ்வேறு கையொப்பங்களுடன் வந்துகொண்டிருக்கிறது. கேபிள் இணைப்பு இருந்த பக்கத்து வீடு, அண்டர்டேக்கர் வரும்போது ஒலிக்கும் மணி, ஹல்க் ஹோகன் கிழித்தெறிந்த பனியன், ரப்பர் பேண்டு போட்டுக் கால்சட்டைப் பையில் வைத்திருந்த டிரம்ப் சீட்டுக்கட்டு, கட்டிலிலிருந்து குதித்துத் தம்பியின் கையை முறித்த கதை. இறுதியில் தவறாமல் ஒரு பெருமூச்சு. எல்லாம் நாடகம் என்று அறியாமல் நம்பியிருந்தோமே, அந்தக் கள்ளமற்ற காலம் இனி வருமா? 1993 ஜனவரியில் தொடங்கி அமெரிக்கத் தொலைக்காட்சியில் வாராவாரம் வந்த ‘ரா’ நிகழ்ச்சி 2025 ஜனவரியில் நெட்ஃபிளிக்ஸுக்குக் குடிபெயர்ந்தபோது இந்தப் பெருமூச்சு ஒரு சுற்று வந்தது. அதே ஆண்டு ஜூலை 24 அன்று ஹோகன் தமது 71ஆம் வயதில் மறைந்தபோது இன்னொரு சுற்று வந்தது.

இந்த நினைவேக்கத்தை நாங்கள் ஏற்கவில்லை. ஏற்காததற்குக் காரணம் மல்யுத்த நிகழ்ச்சி மட்டமானது என்பதல்ல. அதை நாங்கள் ஆசையோடு பார்த்தோம்; இன்றும் அதற்காக வெட்கப்படவில்லை. இக்கட்டுரைகள் நினைவுகூர்வதாகச் சொல்லிக்கொண்டு முக்கியமானதை மறக்கின்றன என்பதே எங்கள் குற்றச்சாட்டு.

நாங்கள் நெய்வேலியில் வளர்ந்தவர்கள். 1956இல் நிறுவப்பட்ட பழுப்பு நிலக்கரி நிறுவனத்துக்காக எழுந்த நகரியம் அது. வட்டம் வட்டமாகப் பிரிக்கப்பட்ட குடியிருப்புகள், நேர்ச்சாலைகள், பதவிக்கேற்ப அளவு மாறும் குவார்ட்டர்ஸ் வீடுகள், கொல்லையில் ஒரு பலாவோ முருங்கையோ. மூன்று ஷிப்டுகளில் இயங்கும் ஊரில் பகலிலும் யாராவது ஒருவருடைய அப்பா உறங்கிக்கொண்டிருப்பார். ஆகவே நாங்கள் மல்யுத்தத்தைப் பெரும்பாலும் ஒலியை அறவே குறைத்துத்தான் பார்த்தோம். வர்ணனையாளரின் ஆங்கிலம் காதில் விழுந்திருந்தாலும் எங்களுக்கு விளங்கியிராது. உடல்கள் மட்டும் பேசின. அது போதுமானதாக இருந்தது.

கேபிள் வந்திருந்த வீட்டின் கூடத்தில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருப்போம். ஜன்னல் கம்பிகளுக்கு வெளியே மேலும் நான்கைந்து பேர் நிற்பார்கள். உள்ளே இருந்தவர்கள் நிரந்தரத் தொழிலாளர்களின் பிள்ளைகள். வெளியே நின்றவர்கள் மந்தாரக்குப்பம் பக்கமிருந்து சைக்கிளில் வந்தவர்கள். அவர்களுடைய தந்தையரும் அதே சுரங்கத்துக்குத்தான் வேலைக்குப் போனார்கள். ஆனால் ஓர் ஒப்பந்தக்காரரின் கீழ். யார் உள்ளே, யார் வெளியே என்று எவரும் விதி வகுக்கவில்லை. சிறுவர்களாகிய எங்களுக்கே அது தெரிந்திருந்தது. பக்கத்து வீட்டுக் கேபிளைப் பற்றி உருகி எழுதும் கட்டுரைகளில் இந்த ஜன்னல் வருவதேயில்லை. நினைவேக்கம் என்பது உள்ளே உட்கார்ந்து பார்த்தவர்களின் இலக்கிய வகை.

இனி, அந்தக் ‘கள்ளமற்ற காலம்’ என்பதை எடுத்துக்கொள்வோம். அது வரலாற்றுக்கும் பொருந்தாது, எங்கள் அனுபவத்துக்கும் பொருந்தாது. டபிள்யூ டபிள்யூ எஃப் என்று அன்று அழைக்கப்பட்ட அந்த நிறுவனம், தன் ஆட்டங்கள் போட்டியல்ல, கேளிக்கையே என்று 1989இலேயே நியூஜெர்சி மாநிலச் செனட் அவையின் முன் ஒப்புக்கொண்டுவிட்டது. விளையாட்டு ஆணையத்தின் கட்டுப்பாட்டிலிருந்து தப்புவதற்காகச் செய்த ஒப்புதல் அது. ஸ்டார் தொலைக்காட்சி ஆசியாவில் ஒளிபரப்பைத் தொடங்கியது 1991இல். அதாவது நம் வீடுகளுக்கு அந்த நிகழ்ச்சி வந்துசேரும் முன்னரே அதன் இரகசியம் அரசாங்கப் பதிவில் ஏறிவிட்டது. நாம் இழந்ததாகச் சொல்லும் வெகுளித்தனம் நமக்கு வந்துசேர்ந்தபோதே காலாவதியான சரக்கு.

எங்களுக்கு அந்தச் செனட் அவை தெரியாது என்பது உண்மை. ஆனால் கூத்து தெரியும். எங்கள் பக்கத்துக் கிராமங்களில் திரௌபதியம்மன் திருவிழாவின்போது பாரதக் கூத்து நடக்கும். இருவர் பிடித்திருக்கும் திரைக்குப் பின்னால் நின்று, தன் பெருமையைத் தானே பாடி, கடைசியில் திரையை விலக்கிக்கொண்டு துரியோதனன் வெளிப்படுவான். துரியோதனன் வேடம் கட்டியவர் பகலில் களை எடுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தவர்களே இரவில் அவரைக் கண்டு நடுங்குவார்கள். படுகளத்தன்று மண்ணால் செய்து கிடத்திய பேருருவத்தைச் சுற்றிப் பெண்கள் அழுவார்கள். அவர்கள் ஏமாந்தவர்களா? ‘இது மண்தான், அழாதீர்கள்’ என்று அவர்களிடம் போய்ச் சொல்பவனையல்லவா ஊர் மூடன் என்னும்?

விளக்குகள் அணைந்து, மணி ஒலித்து, அண்டர்டேக்கர் நடந்துவந்தபோது நாங்கள் கண்டது இந்தத் திரைப் பிரவேசத்தைத்தான். களத்தோரம் அமர்ந்து கேலியும் கூச்சலுமாகக் கதையை நகர்த்திய வர்ணனையாளர் கட்டியங்காரன். அண்டர்டேக்கர் ஏழு முறை செத்துப் பிழைத்தவர் என்ற வதந்தி எங்கள் பள்ளியிலும் உலவியது. 1994 சம்மர்ஸ்லாம் நிகழ்ச்சியில் பிரையன் லீ என்பவருக்கு அதே வேடம் கட்டி, இரண்டு அண்டர்டேக்கர்களை மோதவிட்டார்கள். அந்தச் செய்தி எங்களை அடைந்தபோது நாங்கள் குழம்பவில்லை. எந்த அண்டர்டேக்கர் அசல் என்று வாதாடுவதில் எங்களுக்கு ஒரு வாரம் ஆனந்தமாகக் கழிந்தது. நம்பிக்கைக்கும் அறிவுக்கும் நடுவில் விளையாடும் திறமை ஏழு வயதுப் பிள்ளைக்கு உண்டு. முப்பத்தைந்து வயதுக் கட்டுரையாளர்தான் அதை மறந்துவிட்டு, தான் ஏமாற்றப்பட்டதாகக் கண்ணீர் வடிக்கிறார்.

இதை இலக்கியவாதிகள் சிலருக்கும் சொல்லவேண்டும். மல்யுத்தம் என்றதும் வெகுசனக் குப்பை என்று மூக்கைப் பொத்திக்கொள்பவர்கள், தாம் மேற்கோள் காட்டும் ரொலான் பார்த் 1957இல் வெளியிட்ட ‘மித்தாலஜீஸ்’ நூலின் முதற்கட்டுரையே மல்யுத்தத்தைப் பற்றியது என்பதை வசதியாக மறந்துவிடுகிறார்கள். அதை விளையாட்டாகக் கொள்ளாமல் கிரேக்க நாடகத்தின் வழியில் வந்த காட்சியாகக் கண்டவர் அவர். பார்த்தைப் படிக்காமலே எங்கள் ஊர்ப் பாட்டிகள் அந்த இடத்துக்கு வந்துசேர்ந்திருந்தார்கள்.

ஆகவே ‘அது நிஜமா, பொய்யா’ என்பது தவறான கேள்வி. பொய் இருந்தது உண்மை. ஆனால் அது வேறோரிடத்தில் இருந்தது.

1997 நவம்பர் 9 அன்று மாண்ட்ரியலில் நடந்ததைப் பாருங்கள். பிரெட் ஹார்ட் நிறுவனத்தை விட்டுப் போட்டி நிறுவனத்துக்குச் செல்லவிருந்தார். தம் சொந்த நாடான கனடாவில் தோற்க அவர் விரும்பவில்லை. ஆட்டம் எப்படி முடியவேண்டும் என்று அவரோடு பேசி ஓர் உடன்பாடு எட்டப்பட்டது. களத்தில் அவருக்குத் தெரியாமலே முடிவு மாற்றப்பட்டு மணி அடிக்கப்பட்டது. அன்று ஏமாற்றப்பட்டவர் பார்வையாளர் அல்லர், வேலைக்காரர். ஏமாற்றியவர் முதலாளி வின்ஸ் மக்மகான்.

அவருடைய தம்பி ஓவன் ஹார்ட்டின் கதை இதனினும் கொடியது. 1999 மே 23 அன்று கன்சாஸ் நகரத்தில், அரங்கின் கூரையிலிருந்து கயிற்றில் இறங்கிவரும்படியாக அவருடைய பிரவேசம் அமைக்கப்பட்டிருந்தது. கொக்கி விடுபட்டு 78 அடி உயரத்திலிருந்து விழுந்தார். வயது 34. உடலை எடுத்துச் சென்றபின் நிகழ்ச்சி தொடர்ந்து நடந்தது. அவர் விழுந்த அதே களத்தில் மற்றவர்கள் அன்றிரவு மோதினார்கள். ஷிப்டு நிற்கக்கூடாது என்ற விதி சுரங்கத்துக்கு மட்டும் உரியதல்ல என்று நாங்கள் விளங்கிக்கொண்டது பல ஆண்டுகளுக்குப் பிறகு.

இந்த வீரர்கள் அந்நிறுவனத்தின் ஊழியர்களா? இல்லை. ‘சுயேச்சை ஒப்பந்ததாரர்கள்’ என்றே நிறுவனம் அவர்களை வகைப்படுத்தி வந்திருக்கிறது. எந்த ஊரில் எந்நாளில் ஆடவேண்டும், என்ன பெயர் சூடவேண்டும், யாரிடம் தோற்கவேண்டும் என்பதையெல்லாம் நிறுவனமே தீர்மானிக்கும். ஆனால் அவர்கள் ஊழியர்கள் அல்லர். களத்தில் படும் காயத்துக்கு நிறுவனம் சிகிச்சை தரும்; மற்றபடி மருத்துவக் காப்பீடும் முதுமைக்கான சேமிப்பும் அவரவர் பாடு. 2008இல் மூன்று முன்னாள் வீரர்கள் இந்த வகைப்பாட்டை எதிர்த்துத் தொடுத்த வழக்கு, காலங்கடந்தது என்று தள்ளுபடியானது.

அதற்கும் முன்பு, 1986இல், ஜெஸ்ஸி வென்ச்சுரா என்ற வீரர் சகவீரர்களைத் திரட்டிச் சங்கம் அமைக்க முயன்றார். பிற்காலத்தில் மினசோட்டா மாநில ஆளுநரானவர் இவர். முயற்சி முளையிலேயே கிள்ளப்பட்டது. முதலாளியிடம் கோள் சொன்னவர் ஹல்க் ஹோகன் என்பதை, பின்னர் தாம் தொடுத்த வேறொரு வழக்கில் மக்மகான் அளித்த வாக்குமூலத்திலிருந்தே அறிந்துகொண்டதாக வென்ச்சுரா பலமுறை கூறியிருக்கிறார். தொமுச, சிஐடியு கொடிக்கம்பங்களுக்கு நடுவில் வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். சங்கத்தைக் காட்டிக்கொடுப்பவனை என்ன பெயர் சொல்லி அழைப்பார்கள் என்று எங்களுக்கு நன்றாகத் தெரியும். ஹோகனின் படத்தைச் சுவரில் ஒட்டியிருந்தோம் என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்து எழுதினால்தான் அது அஞ்சலி.

இப்போது அந்தச் சீட்டுக்கட்டுக்கு வருவோம். உயரம், எடை, மார்பளவு, புஜத்தின் அளவு, ஆடிய ஆட்டங்கள், வென்ற ஆட்டங்கள் என்று எண்கள் அச்சாகியிருக்கும். கூடுதல் எண் வைத்திருப்பவன் மற்றவனின் சீட்டைப் பறித்துக்கொள்வான். யோகோசுனாவின் எடைக்கு எதிரே எதுவும் நிற்காது. ஜப்பானியச் சுமோ வீரராகக் காட்டப்பட்ட அவர் உண்மையில் சமோவா வம்சாவளி அமெரிக்கர். எந்த எடைக்காக அவருடைய சீட்டை ஆசைப்பட்டோமோ அந்த எடையோடு போராடி 2000 அக்டோபரில் லிவர்பூல் நகர விடுதியொன்றில் இறந்தார். வயது 34. பிரிட்டிஷ் புல்டாக் 2002இல், 39. மிஸ்டர் பெர்ஃபெக்ட் 2003இல், 44. பிக் பாஸ் மேன் 2004இல், 41. எடி குவெரெரோ 2005இல், 38. எர்த்குவேக் 2006இல், 42. மிசிசிப்பியில் பிறந்த ஜேம்ஸ் ஹாரிஸ் என்ற கறுப்பினத்தவருக்கு உகாண்டாக் காட்டுவாசி வேடமிட்டுக் கமாலா என்று பெயரிட்டார்கள். அந்தப் பெயரைக் கேட்டு நாங்கள் சிரித்தோம். நீரிழிவால் இரு கால்களையும் இழந்து வாழ்ந்து 2020இல் மறைந்தார். அந்தக் கட்டில் அச்சாகாத எண் ஒன்று உண்டென்றால் அது இறக்கும் வயது. அந்த ஆட்டத்தில் குறைந்த எண் வைத்திருப்பவனே வெல்வான் போலும்.

‘ஒரு சிறுவனின் சந்தோஷத்தில் ஏன் மண்ணைப் போடுகிறீர்கள்?’ என்று கேட்கப்படலாம். சிறுவனின் சந்தோஷத்தை நாங்கள் தொடவில்லை. அவன் பார்த்ததும் கூவியதும் சரி. அவனுக்கு எண்கள் தெரியாது. இன்று கைப்பேசியில் ஒரு நிமிடத்தில் எல்லாவற்றையும் அறியக்கூடியவர், அறிந்தும் அறியாத சிறுவனின் குரலில் எழுதுவதைத்தான் மறுக்கிறோம். அவர் போற்றும் கள்ளமின்மை இன்று தேர்ந்து அணியப்படும் வேடம்.

நெய்வேலிக்காரர்கள் இந்த வேடத்தை அணிவது இன்னும் பொருந்தாது. ஒரே வேலை, ஒரே தூசி, இரண்டு வகைத் தொழிலாளி என்ற ஏற்பாட்டில் விடிந்து விடிந்து எழுந்த ஊர் இது. ஒப்பந்தத் தொழிலாளர்களை நிரந்தரமாக்கக் கோரும் போராட்டங்களை நாம் பார்த்தே வளர்ந்தோம். 2020 மே 7 அன்றும் ஜூலை 1 அன்றும் இரண்டாம் அனல்மின் நிலையத்தில் கொதிகலன் விபத்துகள் நேர்ந்தன. மாண்டவர்களில் ஒப்பந்தத் தொழிலாளர்களும் இருந்தனர். அன்றும் மின்சாரம் தடையின்றி வந்தது. அதன் வெளிச்சத்தில்தான் நாம் எல்லாவற்றையும் பார்க்கிறோம், மல்யுத்தம் உட்பட.

நண்பர்களே, எழுதுங்கள். மணியோசையையும் பனியனையும் எழுதுங்கள். அவை எங்களுக்கும் பிடித்தவை. கூடவே ஓவன் ஹார்ட் விழுந்தபின் தொடர்ந்த ஆட்டத்தையும் எழுதுங்கள். முடிந்தால், ஜன்னலுக்கு வெளியே நின்று கம்பிகளைப் பிடித்தபடி பார்த்தவர்களில் ஒருவரைத் தேடிப்பிடித்து, அவர் கண்ட மல்யுத்தம் எப்படியிருந்தது என்று கேளுங்கள். அவருக்குக் கால் வலித்திருக்கும். மழை வந்தால் அவர்தான் நனைந்திருப்பார். விளம்பர இடைவேளையில் நாம் அவரை உள்ளே கூப்பிட்டோமா என்பது அவருக்கு நினைவிருக்கும். நாங்கள் கூப்பிடவில்லை.