அயலார் கண்ட குறை

அன்னிய தேசத்துக் கல்விமான்கள் நமது உயர்தரப் பாடசாலைகளைப் பார்த்து அபிப்பிராயம் கூறும்போது, புகழ்ந்தால் பூரிப்பதும் குறை சொன்னால் முகம் சுளிப்பதும் சுயமதிப்புள்ள ஜனங்களுக்கு அழகல்ல. சொன்னது மெய்யா என்று ஆராய்வதே முறை.

திருத்தணியில் பிறந்த டாக்டர் ராதாகிருஷ்ணன் தலைமையில் 1948-ல் அமைந்த சர்வகலாசாலைக் கமிஷனில் பிரிட்டிஷ், அமெரிக்க அறிஞர்கள் மூவர் அங்கத்தினராயிருந்தனர். நமது கல்வி அமைப்பில் இடைநிலைப் படிப்பே மிகவும் பலவீனமான பாகமென்று அக்கமிஷன் கூறிற்று. பின்னர் 1952-ல், சென்னை சர்வகலாசாலை வைஸ் சான்ஸலர் டாக்டர் ஏ. லக்ஷ்மணசாமி முதலியார் தலைமையில் இடைநிலைக் கல்விக் கமிஷன் நியமிக்கப்பட்டது. அதில் ஆக்ஸ்போர்டு ஜீஸஸ் கல்லூரித் தலைவர் ஜான் கிறிஸ்டியும், அமெரிக்கரான கென்னத் ராஸ்ட் வில்லியம்ஸும் நம்மவருடன் அமர்ந்தனர். படிப்பு ஏட்டளவில் நிற்கிறது, வாழ்க்கையோடு ஒட்டவில்லை, பரீக்ஷையே எஜமானாக இருக்கிறது என்பது 1953-ல் அவர்கள் கண்ட முடிவு. இது நமக்குப் புதிதன்று. 1937-லேயே வார்தாவில் காந்தியடிகள் கைத்தொழில் வழியே கல்வி வேண்டுமென்று வற்புறுத்தியிருந்தார்.

கமிஷன் பரிகாரமும் கூறிற்று. தொழிற்பள்ளிகள் ஆலைகளுக்கு அருகிலேயே அமையவேண்டும். மாணவருக்கு நேர்ப்பயிற்சி அளிப்பதை ஆலைகளுக்குச் சட்டத்தால் கடமையாக்க வேண்டும். தொழிற்கல்விக்கென ஆலைகள்மீது தனி வரியும் விதிக்கவேண்டும் என்றது. 1961-ல் வந்த தொழிற்பழகுநர் சட்டம் பள்ளியை விட்டு வெளியேறுபவரையே முக்கியமாகக் கருதியது. 1978-ல் தமிழ்நாட்டில் மேனிலைப் படிப்புடன் தொழிற்பிரிவும் வந்தது. ஆனால் ஆலையும் பள்ளியும் கைகோக்கவேண்டுமென்ற மூலக்கருத்து இன்னும் முழு உருப்பெறவில்லை.

திருவள்ளூர் ஜில்லாவைக் காட்டிலும் இதைச் சோதித்துப் பார்க்கத் தகுந்த இடம் எது? கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருக்காலை முதலாகப் பலவகைத் தொழில்கள் நடைபெறுகின்றன. தன் ஊரின் புகைபோக்கியைத் தினமும் பார்க்கும் மாணவன், அதனடியில் நடப்பது இன்னதென்று அறியாமலே பரீக்ஷையில் தேறிவிட முடியுமானால், அந்தத் தேர்ச்சியால் யாருக்கு என்ன லாபம்?

ஆயினும் ஓர் எச்சரிக்கை அவசியம். பயிற்சி என்ற பெயரால் குறைந்த கூலிக்குச் சிறுவர்களைப் பிடிக்கும் வழியாக இது மாறலாகாது. உபாத்தியாயர் மேற்பார்வை, அபாயமற்ற பட்டறை, பாட நேரத்துக்குப் பங்கமில்லாத ஒழுங்கு ஆகிய மூன்றும் இன்றியமையாதவை. இவற்றுக்கு உட்பட்டு ஆலைக் கதவுகள் மாணவருக்குத் திறக்கவேண்டும். சர்க்கார் முந்தட்டும் என்று ஆலை முதலாளிகளும், முதலாளிகள் முந்தட்டும் என்று சர்க்காரும் காத்திருந்தது போதும். ஊர்ப் பொதுஜன ஊழியர்கள் இருவரையும் ஒரே மேஜைக்கு அழைத்து வருவார்களாக. அயலார் கண்ட குறையைத் தீர்க்கும் பொறுப்பு நம்முடையதேயாகும்.