எக்ஸ்போஷருக்குக் கொத்துரொட்டி தர மாட்டாங்கள்

"இந்த முறை காசு இல்லை தம்பி, ஆனா நல்ல எக்ஸ்போஷர் கிடைக்கும்."

பார்ட்டி ஒழுங்குபடுத்துற வேலைக்குள்ள கால் வைத்த எங்களில் எவருக்கும் இந்த வசனம் புதிதில்லை. முதலில் எங்களுக்குச் சொன்னார்கள். பிறகு, வெட்கத்தோடு ஒத்துக்கொள்கிறோம், எங்களுக்கு அடுத்து வந்த பெடியளுக்கு நாங்களே சொன்னோம்.

கொழும்பில் ஒரு கிளப்புக்காக டிக்கட் விற்கத் தொடங்கியபோது எங்களில் மூத்தவருக்கு 22 வயது. ஆளுக்கு 30 டிக்கட். விற்றால் எங்களுக்கு உள்ளே போக இலவசம், விற்காததுக்கு எங்கட பொக்கற்றிலிருந்து காசு. ஒன்பது மணிக்கு வெறும் மண்டபத்துக்கு முன்னால் இரண்டு மணித்தியாலம் செட் போட்ட டிஜேக்கு ஒரு சதமும் இல்லை. விடிய நாலு மணிக்கு அவன் கொன்ட்ரோலரைத் தோளில் போட்டுக்கொண்டு த்ரீவீலுக்குக் காசு கேட்டு வந்தது எங்களிடம்தான். முதலாளி எப்பவோ வீட்டுக்குப் போயிட்டார். போஸ்டரில் இருந்தது எங்கள் பெயர். அவன் அன்றைக்கு எங்களைப் பேசின பேச்சு அத்தனையும் நியாயமானது.

இந்தத் தொழிலில் முதலில் கற்றுத் தருவது தலை எண்ணுவதைத்தான். எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை மேசை புக் ஆனது, ஸ்டோரியை எத்தனை பேர் பார்த்தார்கள். இது பிழையான பாடம் என்கிறோம். எலக்ட்ரோனிக் இசையின் வரலாறே அதற்குச் சாட்சி.

மான்செஸ்டரின் ஹசியெண்டாவை எடுப்போம். ஃபாக்டரி ரெக்கோர்ட்ஸும் நியூ ஓர்டர் இசைக்குழுவும் சேர்ந்து 1982இல் திறந்த கிளப். 1988இல் அசிட் ஹவுஸ் அலை அடித்தபோது வாசலில் நீண்ட வரிசை. தலை எண்ணுகிறவன் கணக்கில் அது பெரிய வெற்றி. ஆனால் உள்ளே வந்தவர்கள் எக்ஸ்டசி போட்டுவிட்டுத் தண்ணி குடித்தார்கள், பாரில் காசு விழவில்லை. பிறகு வாசலைக் கும்பல்கள் பிடித்தன, துவக்கும் வந்தது. இசைக்குழு ரெக்கோர்ட் விற்று உழைத்த காசு வருடக்கணக்காக அந்தக் குழிக்குள் போனது. 1997இல் கிளப் மூடப்பட்டது. இன்று அந்த இடத்தில் அதே பெயரில் அடுக்குமாடி வீடுகள். நியூ ஓர்டரின் பேஸ் கிட்டார் கலைஞர் பீட்டர் ஹூக் பிறகு எழுதிய புத்தகத்தின் உபதலைப்பே ஒரு கிளப்பை எப்படி நடத்தக்கூடாது என்பதுதான். மண்டபம் நிரம்பி வழியும்போதும் கடன் ஏறும். இதை எங்களுக்கு எவரும் சொல்லித் தரவில்லை.

சிக்காகோவின் வெயர்ஹவுஸ் இன்னொரு பாடம். 1977இல் ரொபர்ட் வில்லியம்ஸ் நடத்திய அந்த இடத்துக்கு நியூயோர்க்கிலிருந்து ஃபிராங்கி நக்கிள்ஸ் டிஜேயாக வந்தார். வேறு இடங்களில் வரவேற்பில்லாத கறுப்பின, லத்தீன் ஒருபாலீர்ப்பு இளைஞர்கள் அங்கே ஆடினார்கள். 'ஹவுஸ்' என்ற சொல்லே அந்தக் கட்டடத்தின் பெயரிலிருந்து பிறந்தது என்பார்கள். 1982இல் நுழைவுக் கட்டணத்தை இரட்டிப்பாக்கினார்கள். நக்கிள்ஸ் வெளியேறி பவர் பிளாண்ட் என்ற சொந்தக் கிளப்பைத் திறந்தார். சனத்தில் கனபேர் அவருக்குப் பின்னால் போனார்கள். கட்டடம் முதலாளியிடம் இருந்தது, சனம் டிஜேயிடம் இருந்தது. அந்த டிஜேயைத்தான் இங்கே நாங்கள் 'ஓப்பனர்' என்று சொல்லிச் சும்மா வேலை வாங்குகிறோம்.

அடுத்தது 'பெண்களுக்கு இலவசம்'. இதைப் போஸ்டரில் பெரிய எழுத்தில் போடுகிறவர்கள் பெண்களுக்கு உபகாரம் செய்வதாக நினைக்க வேண்டாம். அவர்களை இரையாக வைத்து ஆண்களுக்கு டிக்கட் விற்கிறீர்கள், அவ்வளவுதான். உண்மையில் பெண்கள் வர வேண்டும் என்றால் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. எத்தனை மணிக்கு முடியும்? வீட்டுக்கு எப்படிப் போவது? உள்ளே ஒருவன் சேட்டை விட்டால் யாரிடம் சொல்வது, சொன்னால் அவன் வெளியே போவானா?

பிரித்தானியாவில் 80களிலும் 90களிலும் தெற்காசியப் பிள்ளைகளுக்காக 'டேடைமர்' பார்ட்டிகள் நடந்தன. இரவில் வெளியே விடாத வீடுகள். ஒழுங்குபடுத்தியவர்கள் பார்ட்டியைப் பகலுக்கு மாற்றினார்கள். பள்ளிக்கூடத்தைக் கட் பண்ணி, பையில் வேறு உடுப்போடு வந்து, பங்க்ராவுக்கு ஆடிவிட்டு, பின்னேரம் நல்ல பிள்ளைகளாக வீட்டுக்குப் போனார்கள். பள்ளிக்கூடத்தைக் கட் பண்ணச் சொல்லவில்லை. ஆனால் நேரத்தை மாற்றினால் யார் உள்ளே வரலாம் என்பதும் மாறும். இலங்கையில் இரவு 10 மணிக்கும் காலை 6 மணிக்கும் இடையில் ஒலிபெருக்கி அனுமதியை உச்ச நீதிமன்றம் 2007இலேயே மட்டுப்படுத்திவிட்டது. திறந்த வெளியில் விடியவிடியப் போடப்போறம் என்று அடம்பிடிப்பதைவிட, ஞாயிறு பின்னேரம் மூன்று மணிக்குத் தொடங்கினால் என்ன குறைந்துவிடும்? கடைசி பஸ்ஸையும் பிடிக்கலாம்.

"டிஜேக்கும் சவுண்ட்காரருக்கும் முதலே காசு குடுத்தா எங்களால பார்ட்டி வைக்க ஏலாது" என்பார்கள். அப்படியென்றால் சின்னதாக வையுங்கோ. 1970இல் நியூயோர்க்கில் டேவிட் மன்குசோ தான் வாழ்ந்த லொஃப்டிலேயே பார்ட்டி வைத்தார். அழைப்பு உள்ளவர்களுக்கு மட்டும் அனுமதி, மது விற்பனை இல்லை, வாசலில் ஒரு சிறு தொகை, உள்ளே சாப்பாடும் ஜூஸும், நல்ல சவுண்ட். இன்று உலகமெல்லாம் நடக்கிற நடனக் கலாசாரத்தின் பெரிய வேர்களில் ஒன்று அது. 60 பேருக்குக் கணக்குப் பார்த்து 60 பேருக்கு வைத்தால் எவரும் நடுத்தெருவில் நிற்க மாட்டார்கள். 300 பேர் வருவார்கள் என்ற கனவுக்கு மண்டபம் எடுத்து, 90 பேர் வந்ததும் ஓப்பனரின் காசில் வெட்டுவதற்குப் பெயர் 'ரிஸ்க்' இல்லை. அது மற்றவன் காசில் சூதாட்டம்.

இசையே கலாசாரச் சீரழிவு என்று சொல்லும் பெரியாக்களோடு இன்னொரு நாள் கதைப்போம். எங்களுக்கு அதைவிடப் பெரிய சீரழிவு, ஒரு பெடியனின் முழு இரவு உழைப்பை வாங்கிவிட்டு விடியக்காலையில் ஃபோனை ஓஃப் பண்ணுவது.

ஆகவே நாங்கள் எங்களுக்குள் போட்ட ஒப்பந்தம் இது. தொகையை வட்ஸ்அப்பிலாவது எழுதிக் கொடுப்போம். அரைவாசிக் காசு முதலே, மிச்சம் அன்று இரவே. ஓப்பனருக்கும் சவுண்ட்காரருக்கும் வாசலில் நிற்பவருக்கும் கொடுத்த பிறகுதான் எங்கள் பங்கு. நட்டம் வந்தால் அது பெயர் போட்டவனின் நட்டம். இதற்குச் சம்மதிக்காத கிளப்புக்கு டிக்கட் விற்க மாட்டோம்.

அந்த த்ரீவீல் காசைப் பிறகு கொடுத்துவிட்டோம். அந்த இரவுக்கான சம்பளம் இன்னும் பாக்கி. இந்த மாதம் கொடுக்கிறோம்.