கொலையாளியின் பெயரை ஊர் சொல்லக் கூடாது

2016 ஜூன் 24 காலை, சென்னை நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் வேலைக்குப் போக வண்டிக்காகக் காத்திருந்த இளம்பெண் ஒருவர் அரிவாளால் வெட்டிக் கொல்லப்பட்டார். தினமும் ஆயிரக்கணக்கானோர் வந்துபோகும் அந்த நிலையத்தில் அன்று ஒரு கண்காணிப்பு கேமராகூட இருக்கவில்லை. உடல் நெடுநேரம் நடைமேடையிலேயே கிடந்தது. வழக்கு ரயில்வே போலீஸிடமிருந்து மாநகரப் போலீஸ் கைக்கு மாறவே மூன்று நாட்கள் ஆயின. உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து கேள்வி கேட்க வேண்டியிருந்தது. செங்கோட்டை அருகே ஒரு கிராமத்தில் ஜூலை 1 இரவு ஒருவர் கைது செய்யப்படும்வரை, கொலை செய்தது யார் என்று அதிகாரபூர்வமாகச் சொல்ல யாரும் இல்லை.

அந்த ஒரு வாரத்தில் சொல்ல ஆட்கள் கிடைத்தார்கள். ஃபேஸ்புக்கிலும் வாட்ஸ்அப்பிலும் ஓர் இஸ்லாமியப் பெயர் கொலையாளி என்று பரவியது. ஊர் அறிந்தவர்கள்கூட அதைச் சரிபார்க்காமல் பகிர்ந்தார்கள். கைதானவருக்கும் அந்தப் பெயருக்கும் தொடர்பில்லை என்று தெரிந்ததும் பேச்சு நிற்கவில்லை. மதத்திலிருந்து சாதிக்குத் தாவியது. கொல்லப்பட்ட பெண்ணின் சாதி, கைதானவரின் சாதி, அவரவர் ஆதரவாளர்கள் என்று அணிகள் பிரிந்தன. செப்டம்பர் 18 அன்று கைதான அந்த இளைஞர் புழல் சிறையில் இறந்தார். மின்கம்பியைக் கடித்துத் தற்கொலை செய்துகொண்டார் என்றது சிறைத்துறை, குடும்பத்தினர் ஏற்கவில்லை. வழக்கு விசாரணைக்கே வரவில்லை. சாட்சிகள் கூண்டில் ஏறவில்லை, குறுக்கு விசாரணை நடக்கவில்லை, தீர்ப்பும் இல்லை. சட்டத்தின் கண்ணில் அந்தக் கொலைக்கு இன்றுவரை குற்றவாளி கிடையாது. ஆனால் யூடியூபில் தேடினால் அரை டஜன் ‘உண்மைக் குற்றவாளிகள்’ கிடைப்பார்கள். உயிரோடிருக்கும் மனிதர்களின் பெயர்கள் அவை.

துப்புத் துலங்காத கொலையைப் பின்தொடரும் கூட்டம் இன்று எல்லா நாடுகளிலும் உண்டு. தமிழ்நாட்டில் அது வேகமாக வளர்ந்துவருகிறது. இந்தக் கூட்டத்தை வெறும் வம்பர்கள் என்று ஒதுக்குவது நியாயமாகாது. ஒரு பெண் பட்டப்பகலில் வெட்டப்பட்டால் ஊருக்குக் கோபம் வர வேண்டும். போலீஸ் என்ன செய்கிறது என்று ஊர் கேட்கத்தான் வேண்டும். அந்தக் கேள்வி யாரை நோக்கிப் போகிறது என்பதில்தான் நம் கவலை. விசாரிக்கும் அமைப்பைப் பார்த்துக் கேட்டால் அது குடிமக்களின் உரிமை. பக்கத்து வீட்டுக்காரரின் படத்தைப் போட்டு ‘இவன்தானோ’ என்று கேட்டால் அது வன்முறை. அந்த இரண்டாவது கேள்வியை எவருக்கும் அனுமதிக்கக் கூடாது. அது பரவாமல் தடுக்கும் முதல் பொறுப்பு காவல்துறையுடையது என்பதே நம் நிலைப்பாடு.

இதை விளங்கிக்கொள்ள அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் டெல்ஃபை என்ற சிற்றூரில் நடந்ததைப் பார்க்க வேண்டும். சுமார் மூவாயிரம் பேர் வாழும் ஊர். 2017 பிப்ரவரி 13 அன்று 13, 14 வயதுள்ள இரண்டு தோழிகள் பழைய ரயில் பாலம் ஒன்றை ஒட்டிய நடைபாதைக்குப் போனார்கள். மறுநாள் சடலமாகக் கிடைத்தார்கள். பின்னால் வந்த ஓர் ஆணை அவர்களில் ஒருத்தி தன் கைப்பேசியில் படம் பிடித்திருந்தாள். அந்த மங்கலான படத்தையும், ‘கீழே இறங்குங்கள்’ என்று அவன் மிரட்டும் குரல் துண்டையும் போலீஸ் வெளியிட்டது. கொலையாளியின் உருவமும் குரலும் உலகத்தின் கையில் இருந்தன. ஆளைத்தான் காணோம்.

ஐந்தரை ஆண்டுகள் இப்படியே போயின. பல்லாயிரக்கணக்கான தகவல்கள் குவிந்தன. 2017-ல் ஒரு வரைபடம் வெளியானது. 2019-ல் அதற்குச் சற்றும் பொருந்தாத, வயது குறைந்த ஒருவரின் வரைபடம் வெளியானது. ஏன் இந்த மாற்றம் என்று போலீஸ் தெளிவாக விளக்கவில்லை. விளக்கம் இல்லாத இடத்தில் கூட்டம் தானே வேலையைத் தொடங்கியது. முன்பின் தெரியாத ஆண்களின் படங்களை வரைபடத்துக்குப் பக்கத்தில் ஒட்டி, மூக்கையும் தாடையையும் ஒப்பிட்டு, ஆயிரக்கணக்கில் பரப்பினார்கள். ‘தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள்’ என்று போலீஸே மன்றாட வேண்டிவந்தது. எத்தனை ஊர்களில் எத்தனை பேர் வேலையிடத்திலும் பிள்ளைகளின் பள்ளி வாசலிலும் அந்தச் சந்தேகப் பார்வையைச் சுமந்தார்களோ, கணக்கில்லை.

2022 செப்டம்பரில் விடை கிடைத்தது. தகவல் தாள்களை அடுக்கிவைக்கத் தன்னார்வமாக வந்துகொண்டிருந்த, ஓய்வுபெற்ற ஒரு பெண்மணி, பழைய பெட்டிக்குள் ஒரு தாளைக் கண்டெடுத்தார். கொலை நடந்த சில நாட்களிலேயே உள்ளூர்க்காரர் ஒருவர், அன்று தானும் அந்தப் பாதையில் நடந்ததாக ஓர் அதிகாரியிடம் சொல்லியிருக்கிறார். அவர் பெயர் தவறாகப் பதிவாகி, ‘விசாரித்தாயிற்று’ என்ற குறிப்போடு அந்தத் தாள் உள்ளே போய்விட்டது. ஐந்தரை ஆண்டுகளாக அவர் அதே ஊர் மருந்துக் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அக்டோபரில் கைதானார், 2024 நவம்பரில் நடுவர் குழு அவரைக் குற்றவாளி என்றது, டிசம்பரில் 130 ஆண்டு சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

உலகம் முழுக்கத் தேடிய கூட்டத்தால் முடியாததை ஒரு தாளை மறுபடி படித்த ஒருவர் செய்தார். அதே கூட்டம் இன்னும் பெரிதாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பெட்டிக்குள் இன்னும் பத்தாயிரம் தாள்கள் சேர்ந்து, அந்த ஒரு தாள் இன்னும் ஆழத்துக்குப் போயிருக்கும். ஒவ்வொரு பொய்த் தகவலையும் சரிபார்க்க ஓர் அதிகாரியின் நேரம் செலவாகிறது. ஆர்வலர்கள் இதை யோசிப்பதேயில்லை. கைதுக்குப் பிறகும் கூட்டம் கலையவில்லை. 2023-ல் பிரதிவாதித் தரப்பு வழக்குரைஞர் அலுவலகத்திலிருந்து கொலைக்களப் படங்கள் கசிந்து வலைப் பிரபலங்களின் கைக்குப் போயின. அந்தச் சிறுமிகளின் பெற்றோருக்கு அதைவிடப் பெரிய கொடுமையை எதிரியும் செய்திருக்க முடியாது.

இடாஹோ மாநிலத்தின் மாஸ்கோ நகரில் 2022 நவம்பரில் நான்கு பல்கலைக்கழக மாணவர்கள் கொல்லப்பட்டபோது இதே கதை இன்னும் வேகமாக நடந்தது. வேறு மாநிலத்திலிருந்து சீட்டுக்கட்டு ஜோசியம் பார்க்கும் ஒரு பெண், அந்தப் பல்கலைக்கழகத்தின் வரலாற்றுப் பேராசிரியர் ஒருவரைக் கொலையாளி என்று டிக்டாக்கில் தொடர்ந்து பேசினார். அந்தப் பேராசிரியருக்கு இறந்த மாணவர்களைத் தெரியவே தெரியாது. அவர் நீதிமன்றம் போனார். அந்தக் காணொளிகள் அவதூறு என்று 2024-ல் தீர்ப்பும் பெற்றார். கத்தி உறையின் பொத்தானில் கிடைத்த மரபணுவும், கேமராக்களில் பதிவான ஒரு வெள்ளைக் காரும் போலீஸாரை உண்மைக் குற்றவாளியிடம் கொண்டுபோயின. 2025 ஜூலையில் அவன் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டான். வலையில் தூற்றப்பட்டவர்களின் பட்டியலில் அவன் பெயர் இல்லை.

தவறாகப் பெயர் சொல்வதால் நிரபராதி மட்டுமா நோகிறார்? வழக்கும் கெடுகிறது. அடையாள அணிவகுப்பு நம் குற்ற வழக்குகளில் முக்கியமான கட்டம். கண்ணால் கண்ட சாட்சி, பல பேருக்கு நடுவே நிற்கும் ஒருவரைத் தானாக அடையாளம் காட்ட வேண்டும். அதற்கு முன்பே அந்த முகம் எல்லாக் கைப்பேசியிலும் சுற்றியிருந்தால், ‘சாட்சி ஆளைக் கண்டது நேரிலா, வாட்ஸ்அப்பிலா?’ என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்பார். கேட்பது சரிதான். அந்த ஒரு கேள்வியில் உண்மைக் குற்றவாளியே விடுதலையாகலாம். சாட்சியின் நினைவும் கலங்கும். தாம் பார்த்ததையும் காணொளியில் கேட்டதையும் சில வாரங்களில் அவராலேயே பிரித்தறிய முடியாமல் போகும். இந்தக் கெடுதலில் பத்திரிகைகளுக்கும் தொலைக்காட்சிகளுக்கும் பங்கு உண்டு. கைதானவரின் படத்தை முதல் பக்கத்தில் போட்டு ‘கொடூரன்’ என்று தலைப்பு வைக்கும் வழக்கம் சமூக ஊடகத்துக்கு முன்பே தொடங்கியது.

மக்கள் கவனம் நல்லதும் செய்யாதா என்று கேட்பவர்களுக்குச் சாத்தான்குளம் நினைவிருக்கும். 2020 ஜூனில் தந்தையும் மகனும் காவல் நிலையத்தில் அடித்து வதைக்கப்பட்டு இறந்தபோது, ஊரும் வலையும் கொந்தளித்திராவிட்டால் அது இன்னொரு ‘உடல்நலக் குறைவால் மரணம்’ ஆகியிருக்கும். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தலையிட்டது, நீதித்துறை நடுவரிடம் ஒரு பெண் தலைமைக் காவலர் துணிந்து சாட்சி சொன்னார், சி.பி.ஐ. விசாரணை வந்தது. அங்கே மக்கள் எவரையும் கண்டுபிடிக்கப் புறப்படவில்லை. அரசைப் பார்த்துப் பதில் சொல் என்றார்கள். பெயர்களைச் சொன்னது சாட்சியமும் விசாரணையும். நுங்கம்பாக்கத்தில் நடந்தது இதற்கு நேர்மாறு: கேமரா ஏன் இல்லை, உடல் ஏன் கிடந்தது, சிறையில் ஒரு கைதி எப்படி இறந்தார் என்ற கேள்விகள் பின்னுக்குப் போயின, யார் எந்தச் சாதி, யார் எந்த மதம் என்பது முன்னுக்கு வந்தது.

திருச்சியில் 2012 மார்ச் 29 அன்று நடைப்பயிற்சிக்குப் போன தொழிலதிபர் ராமஜெயம் கொல்லப்பட்ட வழக்கையும் இங்கே சொல்ல வேண்டும். உள்ளூர் போலீஸ், சி.பி.சி.ஐ.டி., சி.பி.ஐ., பிறகு 2022-ல் சிறப்புப் புலனாய்வுக் குழு என்று கைமாறியும், பத்தாண்டுகளுக்கு மேலாகியும் கொலையாளி யார் என்று நிறுவப்படவில்லை. ஆட்சியில் இருந்த செல்வாக்குள்ள குடும்பத்துக்கே இந்த நிலை. இந்த வழக்கைப் பற்றி ஒவ்வொரு சேனலும் ஒரு கதை வைத்திருக்கிறது. விசாரித்த அமைப்புகளில் ஒன்றாவது எது உறுதியானது, எது தள்ளப்பட்டது என்று மக்களுக்கு முறையாக ஓர் அறிக்கை தந்திருந்தால் கதைகளுக்கு இத்தனை இடம் கிடைத்திருக்காது.

சட்டம் ஓரளவு வழிகாட்டியிருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 193-வது பிரிவு, விசாரணையின் முன்னேற்றத்தை 90 நாட்களுக்குள் புகார்தாரருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ தெரிவிக்க வேண்டும் என்கிறது. போலீஸார் ஊடகங்களிடம் எப்படிப் பேச வேண்டும் என்று விதிமுறை வகுக்குமாறு 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் மத்திய உள்துறையைப் பணித்தது. ஆனால் வதந்தி 90 நாட்கள் காத்திருப்பதில்லை. நுங்கம்பாக்கத்தில் அதற்கு ஒரு நாள்கூடத் தேவைப்படவில்லை.

ஆகவே, ஊரை உலுக்கும் ஒவ்வொரு கொலை வழக்கிலும் முதல் நாளிலிருந்தே பொறுப்புள்ள ஓர் அதிகாரி, குறித்த நேரத்தில், எளிய தமிழில் எழுத்து வடிவ அறிக்கை தர வேண்டும். விசாரணைக்கு ஊறு செய்யும் எதையும் அதில் சொல்ல வேண்டாம். உறுதியான செய்தி எது, பரவுவதில் பொய் எது என்று சொன்னால் போதும். வலையில் பெயர் அடிபட்ட ஒருவருக்குத் தொடர்பில்லை என்று தெரிந்தால், அவர் சம்மதத்தோடு அதை அன்றே வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். இடாஹோவில் தாமதமாகவேனும் அதைச் செய்தார்கள். இங்கே ‘விசாரணை நடைபெற்று வருகிறது’ என்ற மூன்று சொற்களோடு கதவை மூடிக்கொள்கிறார்கள். அந்த மூடிய கதவின் முன்னால்தான் யூடியூபர் கடை விரிக்கிறார். பெயர் குறிப்பிட்டுக் கொலைப் பழி சுமத்தும் காணொளிக்கு விளம்பர வருமானம் தருவதைச் சமூக ஊடக நிறுவனங்கள் நிறுத்த வேண்டும். பழி சுமத்தியவர் மீது அவதூறு வழக்குத் தொடுக்க, வசதியில்லாதவருக்கு இலவச சட்ட உதவி மையம் துணை நிற்க வேண்டும்.

இதற்காகப் புதிதாக ஒரு பேச்சுத் தடைச் சட்டம் கேட்பவர்களோடு நாம் உடன்படவில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு எப்படிப் பயன்பட்டது என்று பார்த்தோம். 2015-ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அப்படியொன்று திரும்பி வந்தால் முதலில் உள்ளே போகிறவர் சாத்தான்குளம் பற்றிக் கேள்வி கேட்டவராகத்தான் இருப்பார்.

கொலை நடந்த இடத்தில் எதையாவது பார்த்தவர்கள் 100-ஐ அழைக்கட்டும். நேரலையில் சொல்ல வேண்டாம். காவல்துறைத் தலைவர் இன்னொன்றையும் செய்யலாம். கண்டுபிடிக்க இயலவில்லை என்று மூடப்பட்ட கொலை வழக்குகளை மாவட்டவாரியாக எடுத்து, அவற்றை முன்பு விசாரிக்காத அதிகாரிகளையும் அனுபவமுள்ள ஓய்வுபெற்ற புலனாய்வாளர்களையும் கொண்டு, முதல் வாரத்து வாக்குமூலங்களிலிருந்து மறுபடி படிக்க ஆணையிடலாம். எந்தெந்த வழக்குகள் அப்படிப் படிக்கப்பட்டன, ஒவ்வொன்றிலும் என்ன தெரியவந்தது என்பதை ஆண்டுதோறும் சட்டமன்றத்தில் வைக்கும் காவல்துறைக் கொள்கை விளக்கக் குறிப்பில் சேர்க்க வேண்டும்.