ஆள் இல்லையா, ஆளை வைத்துக்கொள்ளத் தெரியவில்லையா?

காலை ஏழு மணிக்கே ஆம்பூர் சாலையில் கம்பெனி பஸ்கள் ஓட ஆரம்பித்துவிடும். கிராமம் கிராமமாகப் போய்ப் பெண்களை ஏற்றி வருகிறார்கள். அப்படியும் கம்பெனி கேட்டுகளில் "தையல் ஆட்கள் தேவை" என்ற போர்டு தொங்கிக்கொண்டே இருக்கிறது.

போன வாரம் எதிர் வீட்டு மருமகள் பி.எஃப். பாரத்தோடு வந்தாள். ஓய்வுபெற்ற அரசாங்க குமாஸ்தா என்பதால், தெருவில் பாரம் பார்க்கும் வேலை எனக்குத்தான். அவள் ஷூவின் மேல்பாகம் தைப்பவள். நான்கு கம்பெனிகளில் மொத்தம் 14 வருஷம். எதிலும் நாலு வருஷத்துக்கு மேல் இல்லை.

"கிராஜுவிட்டி வராதா பெரியப்பா?"

பொதுவாக அதற்கு ஒரே இடத்தில் ஐந்து வருஷம் தொடர்ந்து வேலை பார்த்திருக்க வேண்டும். சொல்ல எனக்கு நா எழவில்லை. ஏனம்மா மாறிக்கொண்டே இருந்தாய் என்றேன்.

"ஆர்டர் குறைஞ்சா நின்னுக்கோன்னுடுவாங்க. இன்னொருத்தர் ஐந்நூறு சேர்த்துக் குடுத்தா போயிடுவோம். எங்க போனாலும் புது ஆளுன்னுதானே எழுதுறாங்க?"

எனக்கு சர்வீஸ் புக் இருந்தது. எந்த ஊருக்கு மாற்றினாலும் அது பின்னாலேயே வரும். இன்கிரிமென்ட், லீவு, பென்ஷன் எல்லாம் அதற்குள். நான் கடைசிவரை நிலைத்தது ஃபைல்மேல் உள்ள பிரியத்தால் அல்ல.

சின்ன வயதில் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தேன். 'மெத்தியே' என்றொரு சொல் உண்டு. வெறும் வேலை அல்ல, கையில் படிந்துபோன தொழில். அந்தப் பெண்ணிடம் இருப்பது அதுதான். எந்தத் தோலை எவ்வளவு இழுத்துத் தைக்கலாம் என்று அவள் விரலுக்குத் தெரியும். அவளைத்தான் 14 வருஷமாகப் புது ஆள் என்று எழுதுகிறார்கள்.

முதலாளிகளுக்கும் கஷ்டம் உண்டு. ஆர்டர் வெளிநாட்டுக்காரன் கையில். சீசனுக்கு சீசன் மாறும். ஆனால் பனப்பாக்கம் சிப்காட்டில் 25,000 பேருக்கு வேலை என்ற அறிவிப்போடு காலணி ஆலைக்கு 2024 டிசம்பரில் அடிக்கல் நாட்டியாகிவிட்டது. இனி ஐந்நூறு ரூபாயைக் காட்டி யாரையும் பிடித்துவைக்க முடியாது.

பாலாறு கெட்ட வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. இன்று தோல் தொழிற்சாலைக்காரர்கள் கூட்டாகச் சேர்ந்து பொதுக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களை நடத்துகிறார்கள். கழிவுக்காகச் சேர முடிந்தவர்கள் ஆளுக்காகச் சேரக் கூடாதா? கம்பெனி மாறினாலும் பழைய வருஷங்களை எண்ணிச் சம்பளம் போடும் பொதுவான சர்வீஸ் பதிவேடு ஒன்று போதும். எழுதித் தர ஆள் இல்லை என்றால் என்னைக் கூப்பிடட்டும். கையெழுத்து இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது.