ஸ்டூடியோவில் எத்தனை கடிகாரம்?

வீட்டில் ரெக்கார்டிங் செய்கிறவர்களை ஒரு பயம் பிடித்து ஆட்டுகிறது. அதன் பெயர் 'மாஸ்டர் கிளாக்'. பதிவில் 'டிக் டிக்' என்று சத்தம் வந்தால் போதும், உடனே யாராவது ஒருவர் "தனியா ஒரு கிளாக் வாங்கிப் போடுங்க, சரியாயிடும்" என்று ஆலோசனை சொல்லிவிடுகிறார். பல ஆயிரத்தில் ஆரம்பித்து லட்சத்தைத் தாண்டும் சமாச்சாரம் அது. பெரும்பாலான வீட்டு ஸ்டூடியோக்களுக்கு அது தண்டச் செலவு என்பதுதான் இந்தக் கட்டுரையின் கட்சி.

முதலில், அது என்ன கிளாக்? மணி காட்டுகிற கடிகாரம் இல்லை. டிஜிட்டல் கருவிகள் ஒலியை நொடிக்கு 44,100 தடவையோ 48,000 தடவையோ அளந்து எண்களாக மாற்றுகின்றன. எப்போது அளக்க வேண்டும் என்று தாளம் போட்டுக் கொடுப்பது உள்ளே இருக்கும் குவார்ட்ஸ் படிகம். ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கிய இரண்டு கைக்கடிகாரங்கள் ஒரு மாதத்தில் சில நொடிகள் விலகி நிற்பதில்லையா? இதுவும் அப்படித்தான். இரண்டு கருவிகளுக்கு இடையே பத்து லட்சத்தில் 20 பங்கு வித்தியாசம் என்று வைத்துக்கொண்டால், 48,000-க்கு அது நொடிக்குக் கிட்டத்தட்ட ஒரு சாம்பிள்.

ஓர் உதாரணம் பார்ப்போம். மார்கழிக்கு முன்னால் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு பஜனைக் குழு, பக்கத்து ஊரான ராஜபாளையத்தில் ஒரு வீட்டு மாடி ஸ்டூடியோவுக்கு வருகிறது. திருப்பாவை 30 பாசுரங்களையும் பதிவு செய்ய வேண்டும். ஸ்டூடியோக்காரரிடம் இருப்பது இரண்டு மைக் மட்டும் போடக்கூடிய ஆடியோ இன்டர்ஃபேஸ். வந்திருப்பதோ ஆறு குரல், ஒரு ஆர்மோனியம், ஒரு மிருதங்கம். அதனால் எட்டு மைக் போடக்கூடிய ப்ரீஆம்ப் ஒன்றை வாடகைக்கு எடுத்து ஆப்டிகல் கேபிளில் இணைக்கிறார்.

இரண்டும் தத்தம் கடிகாரத்தில் ஓடினால் என்ன ஆகும்? ஒன்று அனுப்பும் எண்ணிக்கையும் மற்றது வாங்கும் எண்ணிக்கையும் ஒத்துவராது. ஏதோ ஒன்று மிஞ்சும், அல்லது குறையும். அந்த இடத்தில்தான் 'டிக்'. பாடும் மும்முரத்தில் அது யார் காதிலும் விழாது. எல்லாரும் பஸ் ஏறிப் போன பிறகு, ராத்திரி ஹெட்போனில் கேட்கும்போதுதான் விழும். பாடியவர்களைத் திரும்பக் கூப்பிட முடியுமா? கூப்பிட்டாலும் அதே பாவம் வருமா?

இதற்கான வைத்தியம் கேபிளுக்குள்ளேயே இருக்கிறது. அந்த ஆப்டிகல் கேபிளில் ஒலியோடு கடிகாரத் துடிப்பும் சேர்ந்தே வருகிறது. ப்ரீஆம்ப்பை 'இன்டர்னல்' என்று வைக்க வேண்டும். இன்டர்ஃபேஸை 'எக்ஸ்டர்னல்' அல்லது 'ஆப்டிகல்' என்று மாற்ற வேண்டும். இரண்டு கருவியிலும் சாஃப்ட்வேரிலும் ஒரே சாம்பிள் ரேட் இருக்க வேண்டும். அம்புட்டுதான். செலவு பூஜ்யம் :)

இங்கே முக்கியம் கடிகாரத்தின் தரம் அல்ல, எண்ணிக்கை. 1936-ல் ராஜபாளையம் மில்ஸ் தொடங்கப்பட்ட ஊர் இது. மில் ஊர்க்காரர்களுக்குச் சங்கைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. சங்கு இரண்டு நிமிஷம் முன்னே ஊதினாலும் ஷிஃப்ட் கெடாது, எல்லாரும் அதையே கேட்டு நடக்கிறார்கள் என்றால். இரண்டு சங்கு வெவ்வேறு நேரத்தில் ஊதினால்தான் குழப்பம்.

நாடே ஒரு காலத்தில் இந்தக் குழப்பத்தில் இருந்தது. பம்பாய்க்கு ஒரு நேரம், கல்கத்தாவுக்கு ஒரு நேரம். அந்தந்த ஊர்ச் சூரியனுக்கு இரண்டுமே சரி. ஆனால் ரயிலுக்கு அது ஒத்துவருமா? அதனால் ரயில்வே மெட்ராஸ் நேரத்தைப் பொது நேரமாக எடுத்துக்கொண்டது. 1906-ல் இந்திய நேரம் என்று ஒன்று வந்த பிறகும் பம்பாய் 1955 வரை தன் நேரத்தை விடவில்லை. எந்த ஊர் நேரம் உசத்தி என்பதல்ல, எல்லாரும் எதைப் பார்த்து நடப்பது என்பதே கேள்வி.

"நல்ல கிளாக் போட்டால் ஒலியே மெருகேறுமாமே?" என்பது அடுத்த வாதம். பிரிட்டனின் 'சவுண்ட் ஆன் சவுண்ட்' இதழில் ஹியூ ராப்ஜான்ஸ் 2010-ல் இதை அளந்து பார்த்தே எழுதினார். பெரும்பாலான கருவிகள் தங்கள் உள்கடிகாரத்தில்தான் மிகச் சிறப்பாக இயங்கும் என்பதே அவர் முடிவு. காரணம் எளிது. உள்ளே இருக்கும் படிகம் ஒலியை மாற்றும் சில்லுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. வெளியிலிருந்து வரும் துடிப்பையோ கேபிள் வழியாக வாங்கி, அதைத் துரத்திப் பிடித்து ஓட வேண்டும்.

மாஸ்டர் கிளாக்குக்கு வேலையே இல்லை என்று சொல்லவில்லை. ஏழெட்டு டிஜிட்டல் கருவிகளை ஒன்றாக ஓட்டும் பெரிய ஸ்டூடியோவுக்கும், படத்தோடு ஒலியைச் சேர்க்கும் இடத்துக்கும் அது தேவைதான். கேபிளே இல்லாமல் இரண்டு தனி ரெக்கார்டர்களில் கச்சேரியைப் பதிவு செய்கிறவர்களுக்கு வேறு பிரச்சினை. மேலே சொன்ன அதே வித்தியாசம் ஒரு மணி நேரத்தில் 72 மில்லிசெகண்டாக வளர்ந்துவிடும். மிருதங்கத்தின் ஒரே அடி இரண்டு அடியாகக் கேட்கும். அங்கே ஆரம்பத்தில் ஒரு கைதட்டல், முடிவில் ஒரு கைதட்டல் பதிவு செய்துகொண்டு, கம்ப்யூட்டரில் இழுத்துப் பொருத்திவிடலாம். அதற்கும் காசு செலவில்லை.

சின்ன ஊரில் ஸ்டூடியோ நடத்துகிறவரின் முதலீடு பெரும்பாலும் கடன், இல்லாவிட்டால் வீட்டு நகை. அந்தப் பணத்தில் வெளியே போகும் பஸ்ஸின் ஹாரன் உள்ளே வராமல் கதவை அடைக்கலாம், சுவருக்குக் கனத்த திரை போடலாம், இன்னொரு நல்ல மைக் வாங்கலாம். இவை மூன்றும் கேட்கிறவர் காதுக்குத் தெரியும். கிளாக் பெட்டியின் விலை கடன்காரருக்கு மட்டும்தான் தெரியும்.