டீயால் தள்ளிப்போகும் தூக்கம்

கொச்சி வைட்டிலா பஸ் நிலையத்தில் இரவு வண்டி ஏறுபவர்களுக்கும் அதை ஓட்டுபவர்களுக்கும் 'சாயா'தான் துணை. ஒரு கிளாஸ் உள்ளே போனதும் பிறக்கும் தெம்புக்கு இரண்டு பொருள்கள் காரணம்.

விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் சேர்ந்து தூக்கத்தை அழைக்கிறது. டீயிலுள்ள காஃபீன், அடினோசின் உட்கார வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. இன்னொன்று, 1949இல் ஜப்பானில் கண்டறியப்பட்ட தியானைன். இது காஃபீனின் படபடப்பைத் தணித்து, கவனத்தைக் கூர்மையாக்கலாம் என்கின்றன சில ஆய்வுகள். ஆனால் அவற்றில் பெரும்பாலும் கொடுக்கப்பட்டது 100 முதல் 200 மில்லிகிராம். ஒரு கோப்பை டீயில் இருப்பதோ அதில் சிறு பங்குதான்.

ஸ்டியரிங் பிடிப்பவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. காஃபீன் தூக்கத்தைத் தீர்ப்பதில்லை, தள்ளிப்போடுகிறது. அதுவும் முழுமையாக வேலை செய்ய அரை மணி நேரமாவது ஆகும். 1990களில் பிரிட்டனின் லஃப்பரோ பல்கலைக்கழகம் நடத்திய சோதனைகளில், காஃபீன் எடுத்துக்கொண்டு சற்றுக் கண்ணயர்ந்த டிரைவர்கள் தடுமாறுவது வெகுவாகக் குறைந்தது. அங்கே கொடுத்தது சுமார் 150 மில்லிகிராம். ஒரு கோப்பை டீயில் சுமார் 40தான். கண் சொருகினால் டீ மட்டும் போதாது. வண்டியை ஓரங்கட்டி 15 நிமிடமாவது தூங்குவதே பயணிகளுக்கும் பாதுகாப்பு.